பழைய பாணும் பொன்னிறப் பாணியும்

முதல்நாள் வாங்கிய பாணில் கால்பங்கு மிஞ்சிவிட்டால் நாம் என்ன செய்வோம்? தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவோம். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி எடுப்போம். அதற்கும் உதவாவிட்டால் கோழிக்குப் போடுவோம். காய்ந்துபோன அந்தப் பாணைக் கொண்டே விருந்தாளிக்கு வைக்கக்கூடிய ஓர் இனிப்பைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

பிரித்தானியாவில் பல தலைமுறைகளாக அதைத்தான் செய்து வருகிறார்கள். அந்த இனிப்பின் பெயர் 'ட்ரீக்கிள் டார்ட்'. கோதுமை மாவால் தட்டையான கிண்ணம்போல ஓர் ஓடு செய்து, அதற்குள் பொன்னிறமான சீனிப்பாணியும் பாண் தூளும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றி, போறணையில் வைத்து எடுப்பார்கள். வேறு பெரிய சாமான் எதுவும் அதற்குத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஹரி பொட்டர் கதைகளில் ஹரிக்கு மிகவும் பிடித்த இனிப்பும் இதுதான்.

சகோதரிகளே, இந்த மாதம் இதன் செய்முறையைத் தருகிறோம். அதற்கு முன் இதன் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். போரையும் பங்கீட்டையும் தாண்டி வந்த பெண்களின் கதையும் அதில் இருக்கிறது.

கழிவிலிருந்து வந்த பாணி

'ட்ரீக்கிள்' என்ற சொல்லுக்கு முற்காலத்தில் மருந்து என்றுதான் பொருள். விஷக்கடிக்குக் கொடுத்த ஒரு மருந்தின் கிரேக்கப் பெயரிலிருந்து அது வந்தது. அந்த மருந்தைத் தேன், பாணி போன்றவற்றில் குழைத்துக் கொடுத்தார்கள். காலப்போக்கில் அந்தப் பெயர் பாணிக்கே நிலைத்துவிட்டது. சீனியைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கறுப்புப் பாணியை ட்ரீக்கிள் என்றார்கள். வெள்ளைச் சீனி வாங்க வசதியில்லாத ஏழை வீடுகளுக்கு அதுவே இனிப்பாக இருந்தது.

இன்றைய டார்டில் சேர்ப்பது அந்தக் கறுப்புப் பாணி அல்ல, 'கோல்டன் சிரப்' எனப்படும் பொன்னிறப் பாணி. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஏப்ரம் லைல் என்பவர் கிழக்கு லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் ஒரு சீனிச் சுத்திகரிப்பு ஆலையை அமைத்தார். அங்கே வேலை செய்த சார்ள்ஸ் ஈஸ்ரிக் என்ற இரசாயனவியலாளர், ஆலையில் மிஞ்சிய பாகைச் சுத்தப்படுத்தி நல்ல உணவாக்கும் முறையை 1883ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். முதலில் அதை மரப்பீப்பாய்களில் ஊற்றி, ஆலைத் தொழிலாளருக்கும் அயலவருக்கும் விற்றார்கள். 1885ஆம் ஆண்டிலிருந்து அது தகரப்பேணியில் அடைக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தது.

அந்தப் பேணியில் உள்ள படம் விசித்திரமானது. இறந்து கிடக்கும் ஒரு சிங்கம், அதைச் சுற்றித் தேனீக்கள். விவிலியத்தில் வரும் சிம்சோன், தான் கொன்ற சிங்கத்தின் உடலுக்குள் தேன்கூட்டைக் கண்ட கதையைக் குறிக்கும் படம் அது.

கரும்பின் கசப்பு

பாணி இனிக்கிறது என்பதற்காக அதன் பின்னால் இருந்தவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. பிரித்தானியாவின் மேசைக்குச் சீனி நெடுங்காலம் கரீபியன் தீவுகளிலிருந்தே வந்தது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினார்கள். 1834ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தபோது, தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். மொரிசியஸ் தீவுக்கும் கயானாவுக்கும் கப்பலேறியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள், தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த எமது மலையக மக்களின் முன்னோரைப் போலவே அவர்களும் ஊரையும் உறவையும் விட்டுப் போனவர்கள்.

குண்டு விழுந்த ஊரில் சீனி வேலை

லைல் குடும்பத்தின் ஆலையும் டேட் குடும்பத்தின் ஆலையும் 1921இல் ஒரே கம்பனியாக இணைந்தன. கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியில் இருந்த அந்த ஆலைகளில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்தார்கள். சீனியைப் பையில் நிரப்புவதும், பேணிகளில் பாணி அடைப்பதும் அவர்களின் வேலை. 'சீனிப் பெண்கள்' என்றே அவர்களைச் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப்போர் 1939 செப்டெம்பரில் தொடங்கியது. குண்டுவீச்சுக்குப் பயந்து முதல் சில நாட்களிலேயே ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பள்ளிப் பிள்ளைகள். கழுத்தில் பெயர்த்துண்டு தொங்க, தாய் தகப்பன் இல்லாமல், முன்பின் தெரியாத வீடுகளுக்கு அவர்கள் போனார்கள். மறுவருடம் செப்டெம்பர் 7ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியைத் தாக்கின. சீனி ஆலைகள் இருந்த கரையோரமும் தீப்பற்றி எரிந்தது. அன்று தொடங்கி 1941 மே மாதம் வரை நடந்த குண்டுவீச்சில் பிரித்தானியாவில் 40,000க்கும் அதிகமான பொதுமக்கள் உயிரிழந்தார்கள்.

பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்த இரவுகளை அறிந்த எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கூப்பன் புத்தகம்

சீனியும் வெண்ணெயும் கப்பலில் வந்தாக வேண்டிய நாடு அது. கப்பல்களை எதிரிகள் மூழ்கடித்தார்கள். எனவே 1940 ஜனவரி 8ஆம் திகதி பங்கீடு ஆரம்பமானது. ஒருவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 8 அவுன்ஸ் சீனி, 2 அவுன்ஸ் வெண்ணெய், 4 அவுன்ஸ் மாஜரீன், ஒரு முட்டை என்ற அளவில் கிடைத்தன. அளவுகள் அவ்வப்போது கூடிக் குறைந்தன. 1941 மார்ச் மாதத்திலிருந்து ஜாமும் பாணியும் பங்கீட்டுக்குள் வந்தன. எலுமிச்சைப்பழம் கடைகளில் இல்லாமலே போனது.

ஆனால் போர் நடந்த காலத்தில் பாணுக்குப் பங்கீடு இருக்கவில்லை. பாண் பங்கீடு போர் முடிந்த பிறகே, 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை, நடைமுறையில் இருந்தது. உணவை வீணாக்குவது 1940ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குற்றமானது. எனவே காய்ந்த பாணைத் தூளாக்கிப் போத்தலில் போட்டு வைப்பது ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமானது. பாணியைத் தனியே ஊற்றினால் ஓட்டை நிரப்ப நிறைய வேண்டும். பாண் தூள் பாணியை உறிஞ்சி ஊதிக்கொள்வதால், கொஞ்சப் பாணி முழு வீட்டுக்கும் போதுமானதாகிறது. ஏழை வீடுகளில் பிறந்த அந்த உபாயம் போர்க்காலத்தில் எல்லா வீடுகளுக்கும் உதவியது.

காலை நேரத்தில் பி.பி.சி. வானொலியில் ஐந்து நிமிடச் சமையல் நிகழ்ச்சி ஒன்று நடக்கும். இருக்கிற சாமானில் என்ன சமைக்கலாம் என்று அதில் சொல்லித் தருவார்கள். உணவு அமைச்சில் பணியாற்றிய மார்கரீட் பற்றன் என்ற பெண்மணி அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் பெரிய சமையல் நூலாசிரியராக விளங்கிய அவர் 2015இல் தமது 99ஆவது வயதில் காலமானார்.

பங்கீடு கடினமாகத்தான் இருந்தது. ஆனாலும் பணக்காரர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் சீனி ஒரே அளவு என்பது சட்டமாக இருந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு பேரின் பங்கு உறுதியாகக் கிடைத்தது. வீட்டுப்பெண்ணின் சிக்கனம் பலன் தந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடையிலே சாமான் இல்லை, இருந்தாலும் வாங்கக் காசு இல்லை என்ற நிலையில், "நீ சிக்கனமாக இரு" என்று பெண்ணுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமாகாது. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

மாதர் சங்கத்தின் ஜாம்

அந்தக் காலத்தில் கிராமப் பெண்களின் சங்கங்கள் பெரிய வேலை செய்தன. மரங்களில் பழம் பழுத்து உதிர்ந்து வீணாகாமல் இருக்க, அரசு அவற்றுக்குச் சீனி வழங்கியது. பெண்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் கூடி ஜாம் காய்ச்சினார்கள். 1940 முதல் 1945 வரை 5,000 தொன்னுக்கும் அதிகமான பழங்கள் இவ்வாறு பாதுகாக்கப்பட்டன. தாங்களே காய்ச்சிய ஜாமாக இருந்தாலும், பங்கீட்டுக் கூப்பன் கொடுத்துத்தான் அவர்களும் வாங்க வேண்டியிருந்தது.

இந்த மாதர் சங்கங்கள் 1897இல் கனடாவில் தொடங்கி, 1915இல் பிரித்தானியாவுக்கு வந்தவை. எமது நாட்டுக்கும் இவற்றுடன் ஓர் உறவு உண்டு. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையில் வாழ்ந்த வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார், இந்தச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டே 1930இல் 'லங்கா மகிளா சமிதி'யை ஆரம்பித்தார்.

சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில்தான் முடிந்தது. போர் ஓய்ந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு! துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த அன்றே வீட்டுக் கஷ்டம் ஓய்ந்துவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

செய்து பார்ப்போமா?

8 அங்குலத் தட்டு ஒன்றுக்கு வேண்டிய அளவு இது.

ஓட்டுக்கு: கோதுமை மா 175 கிராம், பட்டர் அல்லது மாஜரீன் 85 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த நீர் 2 மேசைக்கரண்டி.

உள்ளீட்டுக்கு: பொன்னிறப் பாணி 300 கிராம், பாண் தூள் 100 கிராம் (ஓர் இறாத்தல் பாணில் ஏறத்தாழ கால்பங்கு), தேசிக்காய் 2, விரும்பினால் வேர்க்கொம்புத் தூள் ஒரு சிட்டிகை.

1. மாவை அரித்து உப்புச் சேருங்கள். பட்டரைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் உதிர்த்துப் பிசறுங்கள். மா அவித்த புட்டுமாப் போல உதிரியாக வரவேண்டும். எமது நாட்டு வெயிலில் பட்டர் விரைவில் உருகிவிடும். ஆகையால் காலை நேரத்திலோ மாலையிலோ செய்வது நல்லது.

2. நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உருண்டையாக்குங்கள். ரொட்டிக்குக் குழைப்பதுபோல அடித்துக் குழைக்க வேண்டாம், ஓடு கடினமாகிவிடும். மூடி அரை மணி நேரம் குளிரான இடத்தில் வையுங்கள்.

3. மெல்லியதாக உருட்டி, பட்டர் பூசிய தட்டில் பரப்பி, ஓரத்தைச் சீராக வெட்டுங்கள். அடியில் முள்ளுக்கரண்டியால் குத்துங்கள். மேலே எண்ணெய்த்தாள் விரித்து, காய்ந்த பயறு அல்லது அரிசி பரப்பி, 190 பாகை சூட்டில் 15 நிமிடம் வேகவையுங்கள். பிறகு தாளையும் பயறையும் எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

4. பாணியைச் சிறு நெருப்பில் இளஞ்சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். பாண் தூளையும், தேசிக்காயின் துருவிய பச்சைத் தோலையும், 2 மேசைக்கரண்டி சாற்றையும் சேர்த்துக் கலக்கி 10 நிமிடம் ஊறவிடுங்கள். தடித்த கூழ்போல இருந்தால் சரி. தண்ணீராக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி பாண் தூள் சேருங்கள்.

5. ஓட்டுக்குள் ஊற்றி, 180 பாகையில் 25 முதல் 30 நிமிடம் வேகவையுங்கள். மேற்பகுதி பொன்னிறமாகி, நடுப்பகுதி சற்றே அசையும் பதத்தில் எடுங்கள். ஆறும்போது அது இறுகும். கொதிக்கும் பாணி நாக்கைச் சுட்டுவிடும். ஆகவே அரை மணி நேரமாவது ஆறவிட்ட பின்பே வெட்டுங்கள்.

பாண் பழையதாக இருக்கலாம், பூஞ்சணம் பிடித்திருக்கக் கூடாது. பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டுப் பாவிப்பதும் கூடாது.

பாணி கிடைக்காவிட்டால்

பேணிப் பாணி பெரிய கடைகளில்தான் இருக்கும், விலையும் அதிகம். அதை வீட்டிலேயே காய்ச்சலாம். 100 கிராம் சீனியில் 2 மேசைக்கரண்டி நீர் விட்டு, தேன் நிறம் வரும்வரை உருக்குங்கள். அதற்குள் 300 மில்லிலீற்றர் கொதிநீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அப்போது பாகு சீறித் தெறிக்கும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், நீங்களும் எட்ட நில்லுங்கள். பிறகு 500 கிராம் சீனியும் ஒரு தேசிக்காய்த் துண்டும் சேர்த்து, கிளறாமல் மிகச் சிறிய நெருப்பில் 40 நிமிடம் வரை வையுங்கள். ஆறிய பின் தேன் பதத்துக்கு வரும். இரண்டு டார்டுக்கு இது போதும்.

தேசிக்காய் போடுவதற்குக் காரணம் உண்டு. புளிப்போடு கொதிக்கும்போது சீனியின் ஒரு பகுதி குளுக்கோஸ், புருக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. அதனால் பாணி மறுபடியும் கற்கண்டுபோல உறைவதில்லை. ஆலையில் பொன்னிறப் பாணி உருவாவதும் இதே அடிப்படையில்தான்.

கித்துள் பாணியிலும் பனம்பாணியிலும் செய்யலாம். அவை மெல்லியவை என்பதால் பாண் தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள். சுவை பிரித்தானிய டார்டைப்போல இருக்காது, எங்கள் ஊர்ச் சுவையாக இருக்கும்.

போறணை இல்லாவிட்டால்

அகன்ற பழைய பாத்திரத்தில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, மூடி, அடுப்பில் நன்றாகச் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு வளையம் வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள். தகர மூடியால் மூடி, மூடியின் மேலும் தணல் பரப்புங்கள். முன்பு எங்கள் வீடுகளில் கேக் சுட்ட முறைதான் இது. நேரம் சற்றுக் கூடுதலாக எடுக்கும். ஓட்டை முதலில் தனியே வேகவைப்பதை இந்த முறையிலும் தவறவிடாதீர்கள்.

முதல் தடவை நான் அதைத் தவறவிட்டேன். "எல்லாம் ஒன்றாக வெந்துவிடும்தானே" என்று பச்சை மாவுக்குள் பாணியை ஊற்றிவிட்டேன். மேலே அழகாகச் சிவந்தது. வெட்டிப் பார்த்தால் அடி முழுவதும் களி! இரண்டாம் முறை சொன்னபடி செய்தேன். அம்மா ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "உது பாணில செய்ததெண்டு சொன்னால் ஆரும் நம்பமாட்டினம் பிள்ளை" என்றா.

மூடிய பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்குக் கெடாது. சிறு கிண்ணத் தட்டுகளில் இதே அளவை 12 சின்ன டார்ட்டுகளாகவும் செய்யலாம். கடைக்குக் கொடுத்து விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு அதுவே வசதி. சீனி அதிகமுள்ள பண்டம் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

எட்டாவது துண்டு

பங்கீட்டுக் காலத்தில் பிரித்தானியாவிலும் பல தாய்மார் தங்கள் சீனியையும் வெண்ணெயையும் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் கொடுத்துவிட்டு, தாங்கள் வெறும் வாயோடு இருந்தார்கள். இந்தக் குணம் எந்த நாட்டுத் தாய்க்கும் புதிதல்ல. எங்கள் வீடுகளிலும் பானையின் அடியில் ஒட்டியிருப்பதுதான் அம்மாவின் பங்கு. கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கோ, இனிப்பு என்பது தங்களுக்கு உரியதல்ல என்ற எண்ணமே வந்துவிடுகிறது. ஊரும் சில வேளைகளில் அப்படித்தான் பார்க்கிறது.

இந்த டார்டை எட்டாக வெட்டலாம். பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அயல்வீட்டுக்கும் ஒரு துண்டு அனுப்புங்கள். ஆனால் வெட்டும்போதே ஒரு துண்டை வேறாக எடுத்து வையுங்கள். அது நெருப்படியில் நின்று அதைச் செய்த உங்களுக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரோடு, இருந்து, ஆறுதலாகச் சாப்பிடுங்கள்.